துண்டுக்குள் கொடுத்த கை

அத்தியாயம் பதினான்கு

பள்ளிக்கூடத்து பியூன் ஆண்டிச்சாமி தெருக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு சிவப்பு ரிப்பனை நீட்டினார். அவருடைய வேட்டி ஓரத்தைப் பிடித்தபடி நர்கீஸ் நின்றாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீடு திரும்புகிற நேரமா அது?

குர்ஷித் பேகம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் நீட்டி ரிப்பனை வாங்கினாள். காலையில் அவளே மகளுக்குப் பின்னிக் கட்டிவிட்ட ரிப்பன். இப்போது முறுக்கிப் பிழிந்த துணியாக இருந்தது.

"பிள்ளைக்கு என்ன அண்ணே? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல தாயி." ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தார். "கையைப் பாருங்க."

இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாக வரி ஓடியிருந்தது. கீழுதடு பல் பட்டுக் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. நர்கீஸ் அழவில்லை. அழுது முடித்து நேரமாகிவிட்டது என்பது பெற்றவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

இந்தப் பிள்ளையைப் பற்றிப் பதின்மூன்று வாரமாகச் சொல்லிவருகிறேன். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆட்டு வியாபாரி சாகுல் ஹமீதின் ஒரே மகள் நர்கீஸ். எட்டு வயது. தமிழ்ப் புத்தகத்தைக் கைக்கு வந்த மாதமே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தவள். ஆனால் சத்தம் அவளுக்கு ஆகாது. நமக்குக் காதில் விழுகிற சத்தம் அவளுக்கு உடம்பெல்லாம் விழும். சட்டையின் உள்தையல் முதுகில் உரசினால் எறும்புப் புற்றில் உட்கார்ந்ததுபோல் துடிப்பாள். லேசாகத் தொட்டால் விலகி ஓடுவாள்; இறுக்கிப் பிடித்தால் அடங்குவாள்.

காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மந்திரித்துக் கட்டிய கயிறு உறுத்துகிறது என்று அவளே பிய்த்துப் போட்டுவிட்டாள். இதற்கு என்ன பெயர் என்று திண்டுக்கல்லில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத காரணத்தால் ஊரே கூடித் திமிர் என்று பெயர் வைத்தது.

போன வாரம் பள்ளிக்கூட மணிச் சத்தம் தாங்காமல் ஓடிப்போனவளை எங்கெங்கோ தேடி, கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்டியில், உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல் கட்டுக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தெரு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. குர்ஷித் சிரிக்கவில்லை. மேலே பாரம் இருந்தால் தன் மகளுக்கு நிம்மதி என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள்.

"யாரு கட்டினது?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"சுந்தரம்மா டீச்சரு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு தாயி. காலையில இருந்து ஒத்திகை. மணி அடிச்சா எல்லாப் பிள்ளையும் எந்திரிச்சுக் கைய கூப்பணும். நம்ம பிள்ளை மட்டும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்குது. ஹெட்மாஸ்டர் பெரிய சாரு ரெண்டு தடவை வந்து சத்தம் போட்டாரு. டீச்சருக்குப் பயம். சடையில இருந்து ரிப்பனை உருவி, பிள்ளை கைய பின்னால வச்சுக் கட்டிப்புட்டாங்க."

ஆண்டிச்சாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டினது எனக்குத் தெரியாது தாயி. நான் வராண்டாவுல நிக்கேன். மணிய அடின்னாங்க, அடிச்சேன். அம்புட்டு பலமா அடிச்சேன். நாந்தேன் அடிச்சேன்."

அந்தப் பள்ளிக்கூடத்து மணி உண்மையில் மணியே இல்லை. கம்பியில் தொங்கும் ஒரு முழத் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அது தொங்குவது மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் வெளியே. மூன்று மாதமாக இந்த ஆண்டிச்சாமி ஒரு காரியம் செய்துவந்தார். கம்பியை ஓங்குவதற்கு முன்னால் தோள் துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் ஒருமுறை உதறுவார். நர்கீஸ் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்வாள். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கே தோன்றியது. சனிக்கிழமை தலைமை ஆசிரியர் வேலுசாமி அதைப் பார்த்துவிட்டு, பியூன் என்ன ரயிலுக்கா கொடி காட்டுகிறான் என்று கேட்டு நிறுத்திவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குப் புரிந்தது, பி.ஏ. படித்தவருக்குப் புரியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு பெரிய சாரு," என்றார் ஆண்டிச்சாமி. "நாளையில இருந்து பிள்ளைய அனுப்ப வேணாமாம். பேரை எடுத்துருவாகளாம். இன்னையோட நிறுத்திக்கிறதா திங்கக்கிழமையே பாய் சம்மதிச்சுக் கை குடுத்துட்டாராம்."

திரை விலகியது. பத்து வருஷத்தில் அந்தத் தெருவில் எந்த அந்நிய ஆணும் பார்த்திராத குர்ஷித் பேகத்தின் முகத்தை ஆண்டிச்சாமி அன்று பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்த பாய்?"

"நம்ம ஹமீது பாய்தேன்."

கை கொடுப்பது என்றால் என்னவென்று ஆட்டுச் சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலை அழுத்தி அழுத்தியே பேசிக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் கையை உருவிக்கொள்ளலாம். கடைசியாக ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது. பத்திரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அப்படிக் கொடுத்த கையை மாற்றிப் பேசியவனுக்கு மறுவாரம் சந்தையில் யாரும் துண்டு விரிக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக சாகுல் ஹமீது கொடுத்த கையை மாற்றியதே இல்லை. அந்தப் பெருமையில் கொஞ்சம் அவர் மனைவிக்கும் இருந்தது, இன்று காலை பதினோரு மணி வரை.

* * *

வீட்டுக்குள் நர்கீஸ் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். சத்தமே இல்லை, ஆனாலும் இரண்டு கையும் காதில் இருந்தன. உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

குர்ஷித் ஜமக்காளத்தை விரித்தாள். தோல் மண்டியில் கற்றுக்கொண்ட பாடம் அது. மகளை ஓரத்தில் படுக்க வைத்து, கழுத்துக்குக் கீழே இறுக்கிச் சுருட்டி, மேலே கையைப் போட்டு அழுத்திக்கொண்டு பக்கத்தில் படுப்பாள். தினமும் மாலை ஆறு மணிக்குப் புகையிலைக் கம்பெனிச் சங்கு ஊதும்போது இதுதான் நடக்கும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு நிதானப்படும்.

சாகுல் ஹமீதின் அக்கா ஜெய்தூன் பீவிக்கு இது ஆகவே ஆகாது. கணவர் மவுத்தான பிறகு தம்பி வீட்டோடு இருப்பவர். உசுரோட இருக்கிற பிள்ளையை மய்யித்துக்குக் கபன் துணி சுற்றுவதுபோல் சுற்றுகிறாள், இந்த வீட்டுக்கு என்ன வரப்போகிறதோ என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இப்போதும் அடுப்படியிலிருந்து வந்தார். "ஆரம்பிச்சுட்டியா? பட்டப்பகல்லயேவா?"

குர்ஷித் மகளின் இரண்டு கையையும் பிடித்து நாத்தனார் முன்னால் நீட்டினாள்.

ஜெய்தூன் பீவி குனிந்து பார்த்தார். வரியின் மேல் ஒரு விரலை வைக்கப் போய், லேசாகத் தொட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது நினைவு வந்ததுபோல எடுத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து அவருடைய மகன் முகமது பாரூக் எழுதுகிற கடிதங்களை எல்லாம் படித்துக் காட்டுவது இந்தப் பிள்ளைதான். போன கடிதத்தில் பாரூக் இருமலைப் பற்றி எழுதியிருந்த வரியை, மாமி பயப்படக்கூடாது என்று படிக்காமல் தாண்டிப்போனவளும் இவள்தான். அது பின்னால் தெரிந்தபோது ஜெய்தூன் பீவி அழுதிருக்கிறார்.

"எந்தப் பாவி?"

"வாத்தியாரம்மா. அதுக்கு மேல உங்க தம்பி, பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு கை குடுத்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல மதினி. திங்கக்கிழமை ராத்திரி என் கையாலதான் சோறு தின்னாரு. செவ்வாக்கிழமை தின்னாரு. நேத்தும் தின்னாரு. ஒரு வார்த்தை சொல்லல."

குர்ஷித்தின் பார்வை கொடியில் கிடந்த துப்பட்டிக்குப் போவதை ஜெய்தூன் பீவி கவனித்தார். "இப்ப எங்க கிளம்புற?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"நீயா? இந்த வீட்டுப் பொம்பளை எவளும் அந்தத் தெருவுல பகல்ல காலெடுத்து வச்சதில்ல."

"தெரியும். அதனாலதான் அவங்களுக்கு இம்புட்டு தைரியம்."

குர்ஷித் ஜமக்காளத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள். எழுந்து போகவும் முடியவில்லை. மகளை இந்த நடுக்கத்தோடு விடவும் முடியவில்லை. ஜெய்தூன் பீவி அவளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எம்புட்டு இறுக்கணும்?"

குர்ஷித் ஒரு கணம் அவரையே பார்த்தாள்.

"அவ மூச்சு நிதானப்படுற வரைக்கும். தடவக் கூடாது மதினி. அழுத்திக்கிட்டே இருக்கணும்."

"நான் பாத்துக்கிறேன். துப்பட்டிய நல்லா இழுத்துப் போட்டுட்டுப் போ. அந்த வாத்தியாரம்மாவை நாலு கேள்வி கேக்காம வந்துறாத."

* * *

தலைமுதல் கால்வரை போர்த்திய வெள்ளைத் துப்பட்டி ஒன்று உச்சி வெயிலில் தனியாக நடந்துபோவதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. கடைகளில் பேச்சு நின்றது. குர்ஷித் யாரையும் பார்க்கவில்லை. கையில் ரிப்பன் இருந்தது.

தலைமை ஆசிரியர் அறையில் வேலுசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். சுந்தரம்மாள் டீச்சர் ஓரத்தில் நின்று, இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காக ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஏம்மா, வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?" என்றார் வேலுசாமி.

"அய்யலூர் சந்தைக்குப் போயிருக்காரு. நான் பெத்தவ. என்கிட்டப் பேசுங்க."

"அவர்கிட்டப் பேசி முடிச்சாச்சு. உங்க பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சரிப்படாது. மணி அடிச்சா காதைப் பொத்துது. மத்தியானம் தட்டுச் சத்தம் கேட்டா சாப்பாட்டைப் போட்டுட்டு ஓடுது. யூனிபாரத்தை உள்பக்கம் வெளியில தெரியத் திருப்பிப் போட்டுட்டு வருது. ஊர்ப் பெரிய மனுஷங்க நன்கொடையில தச்ச துணிம்மா அது. யாரை அவமானப்படுத்துறீங்க?"

"திருப்பிப் போட்டுவிட்டது நான். தையல் உள்ள இருந்தா அவ முதுகுல அறுக்குது. பதினோரு தடவை கஞ்சி போகத் துவைச்சேன் சார். அப்பவும் சேரல. திருப்பிப் போட்டு அனுப்புனேன். அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் அசையாம உக்காந்து கணக்குப் போட்டாளா இல்லையா? டீச்சர், நீங்க சொல்லுங்க."

சுந்தரம்மாள் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். பிறகு தூரிகையைப் பார்த்தார்.

"போட்டா. நாப்பது பேர்ல அவ ஒருத்திதான் எல்லாம் சரியாப் போட்டா."

"நான் சொல்லியனுப்பி என்ன கேட்டேன்? ஜன்னல் பக்கத்துல இருந்து எடுத்து அந்தக் கோடிப் பெஞ்சுல உக்கார வைங்கன்னு கேட்டேன். பியூன் அண்ணன் துண்டை உதறிட்டு அடிச்சா உதறிட்டு அடிக்கட்டுமேன்னு கேட்டேன். இதுல சர்க்காருக்கு என்ன நட்டம்?"

"ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைகளை மாத்த முடியாதும்மா."

"நாப்பது பிள்ளைகளை யாரு மாத்தச் சொன்னது? ஒரு பெஞ்சை மாத்தச் சொன்னேன்."

வேலுசாமி பேனாவை மூடினார், திறந்தார். குர்ஷித் அவரை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். ரிப்பனை மேஜைமேல் வைத்தாள்.

"நான் அடிக்கலம்மா," என்றார் சுந்தரம்மாள் அவசரமாக. "ஒரு அடிகூட அடிக்கல. பழகட்டும்னுதான் கட்டினேன். நாலு தடவை கேட்டா பழகிடும்னு நினைச்சேன்."

"பழக்குறதுக்கு அவ என்ன வண்டி மாடா டீச்சர்?"

துப்பட்டிக்குள்ளிருந்து குர்ஷித் இரண்டு கையையும் வெளியே எடுத்தாள். மணிக்கட்டைச் சேர்த்து டீச்சர் முன்னால் நீட்டினாள்.

"கட்டுங்க."

"என்னம்மா இது?"

"அதே மாதிரி கட்டுங்க. கட்டிட்டு அடுப்புல இருந்து ஒரு கொள்ளிய எடுத்து என் மூஞ்சிகிட்டக் கொண்டாங்க. நான் பழகுறேனா பாப்போம். உங்களுக்கு அது மணிச் சத்தம். அவளுக்கு நெருப்பு. அவளுக்குன்னு இருக்குறது ரெண்டு கை. அந்த ரெண்டையும் கட்டிப்போட்டுட்டு அடிச்சிருக்கீங்க."

டீச்சர் பின்னால் நகர்ந்தார். நகர்ந்ததில் வண்ணக் கிண்ணி கவிழ்ந்து படத்தின் மேல் நீலம் ஓடியது. யாரும் அதைத் துடைக்கவில்லை. சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். குர்ஷித்துக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அந்த மணிக்கட்டை நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"போதும்மா," என்றார் வேலுசாமி. "உங்க கோபம் புரியுது. ஆனா ரிஜிஸ்டர்ல தகப்பன் பேர்தான் இருக்கு. தகப்பன் சொன்னதுதான் செல்லும். நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் நேர்ல வந்து, குடுத்த கையைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லட்டும். பேரை விட்டுடுறேன், பெஞ்சையும் மாத்துறேன். இல்லன்னா பத்து மணிக்குப் பேரை அடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். ஹமீது பாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் திங்கட்கிழமை பேப்பரை நீட்டாமல் கையை நீட்டியிருந்தார்.

* * *

சந்தை லாரி வந்து நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. சாகுல் ஹமீது ஆடுகளை இறக்கிப் பட்டியில் அடைத்துவிட்டு, கை கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்குக் காபி வரும். வரவில்லை.

"காபி இல்லையா?"

"அடுப்புல இருக்கு. ஊத்திக் குடிங்க."

பத்து வருஷத்தில் அப்படி ஒரு பதில் அவர் கேட்டதில்லை. குர்ஷித் வந்து அவர் முன்னால் ரிப்பனை வைத்தாள். காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். மகளின் கையைக் கட்டிய இடம் வந்தபோது சாகுல் ஹமீது எழுந்துவிட்டார்.

"அந்த வாத்தியாரம்மாவை நான் இப்பவே..."

"உக்காருங்க. அவளை நான் கேட்டுட்டேன். இப்ப உங்களைக் கேக்கணும்."

அவர் உட்கார்ந்தார்.

"அந்த ஆளு நாலு பேரு முன்னாடி கையை நீட்டுனாரு குர்ஷிது. தோலுக்கடியில படுத்துக் கிடந்த பிள்ளைன்னு மத்த பிள்ளைக மூக்கைப் பொத்துதுன்னாரு. பாய், அது உங்க பிள்ளைக்கே கஷ்டம்னாரு. எனக்கு அங்க நிக்க முடியல. நீட்டுன கையை அந்தரத்துல விட்டுட்டு வந்து எனக்குப் பழக்கமில்ல."

"கையைப் புடிச்சீங்க. எந்த ஆட்டை வித்தீங்கன்னு பாக்கலையா?"

"குர்ஷிது."

"இல்ல, கேக்குறேன். சந்தையில ஒரு குட்டிய விக்கிறதுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்குறீங்க, வயித்தைத் தடவிப் பாக்குறீங்க. எம்மகளைக் குடுக்கிறதுக்கு ஒண்ணுமே பாக்கலையே. அவளைக் கேட்டீங்களா? என்னையக் கேட்டீங்களா?"

உள்ளேயிருந்து ஜெய்தூன் பீவி குரல் கொடுத்தார். "நல்லாக் கேளு. எனக்கும் சேத்துக் கேளு."

சாகுல் ஹமீதின் குரல் இறங்கியது.

"அவளுக்கு என்னையப் புடிக்கல குர்ஷிது. தலையத் தடவுனா ஓடுறா. கன்னத்தைத் தொட்டா துடைச்சுக்கிறா. மூணு வயசுல இருந்து இப்படித்தான். நான் எதைக் கேட்டு என்ன செய்ய? வீட்டுல இருந்தாலாவது நல்லா இருப்பாள்னு நினைச்சேன்."

"உங்களைப் புடிக்காம இல்ல. நீங்க தொடுற விதம் அவளுக்கு ஆகல. எத்தனை தடவை சொன்னேன், தடவாதீங்க, இறுக்கிப் புடிங்கன்னு. பிள்ளைய யாராவது இறுக்கிப் புடிப்பாங்களான்னு கேட்டீங்க. சந்தையில கண்டவன் கைய அம்புட்டு இறுக்கிப் புடிக்கிறீங்களே."

"இப்ப என்ன செய்யச் சொல்ற? குடுத்த கையை எடுத்தா நாளைக்கு அய்யலூர்ல எனக்கு எவன் துண்டு விரிப்பான்? என் பேச்சு போச்சுன்னா தொழில் போச்சு."

"அப்ப பிள்ளை போகட்டும்."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

இந்த இடத்தில் நர்கீஸ் உள்ளேயிருந்து வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திருப்பிப் போட்ட யூனிபாரச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. தகப்பனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அவருடைய வலது கையைத் தரையிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் துண்டை விரித்தாள். பிறகு தன் கையைத் துண்டுக்கு அடியில் நுழைத்தாள்.

மண்டிக்கு வருகிற வியாபாரிகள் இப்படி உட்கார்ந்து பேசுவதை ஜன்னல் வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். பிள்ளையின் விரல்கள் உள்ளே தகப்பனின் ஐந்து விரலையும் தேடிச் சேர்த்து, பலமெல்லாம் கூட்டி இறுக்கிப் பிடித்தன. சாகுல் ஹமீதுக்குக் கண் அகன்றது. ஐந்து வருஷத்தில் அந்தப் பிள்ளை தானாக அவரைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

"என்னம்மா கேக்குற?"

"பள்ளிக்கூடம்," என்றாள் நர்கீஸ்.

"அங்க மணி அடிப்பாங்களே."

"அடிக்கட்டும். கையக் கட்ட வேணாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆறு மணிச் சங்கு ஊதியது.

குர்ஷித் ஜமக்காளத்தை எடுக்க ஓடினாள். பாதியில் நின்றுவிட்டாள். எந்தச் சத்தம் வந்தாலும் இரண்டு கையாலும் காதைப் பொத்துகிறவள், அன்றைக்கு இடது கையால் இடது காதை மட்டும் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. காலையில் கிழிந்த உதட்டை மறுபடியும் பல் கடித்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனாலும் துண்டுக்குள் இருந்த வலது கையை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். சந்தைக்காரன் மகளுக்கு அது தெரிந்திருந்தது.

சாகுல் ஹமீது மகளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, திறந்திருந்த அவளுடைய வலது காதின் மேல் உள்ளங்கையை வைத்தார். தடவவில்லை. அழுத்தி மூடினார். பிள்ளை விலகவில்லை. சங்கு ஊதி ஓயும் வரை தலையை அந்தக் கையிலேயே சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

ஜெய்தூன் பீவி வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்தார்.

குர்ஷித் துடைக்கவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஒரு சங்கு ஊதுகிற நேரத்தில் ஆறக்கூடிய கோபமும் இல்லை அது. கீழே கிடந்த ரிப்பனை எடுத்து, மடியில் வைத்து நீவிவிட்டபடியே பேசினாள்.

"இப்ப ரெண்டு பேருக்குக் கை குடுத்திருக்கீங்க. ரெண்டையும் வச்சுக்கிற முடியாது. நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரு கையை எடுத்தாகணும். எதை எடுக்குறீங்கன்னு நானும் அங்க வந்து நின்னு பாக்கப் போறேன்."

சாகுல் ஹமீதின் வலது கை இன்னும் துண்டுக்குள்ளேயே இருந்தது. துண்டுக்குள் மகள் மறுபடி ஒருமுறை அழுத்திக் கேட்டாள்.